நூறாவது கட்டுரைக்குப் பிறகு: பழைய எழுத்தைத் திரும்பப் படித்துத் தொகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூறாவது கட்டுரையை முடித்தவருக்கும், பத்து ஆண்டுகளாக விடாமல் எழுதிவருபவருக்கும் ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும், நினைவில் நிற்கிற பத்துத் தலைப்புகளை எடுத்துப் பட்டியல் போட்டு, படித்தவர்களுக்கு நன்றி சொல்வதோடு அந்த ஆசை தீர்ந்துவிடுகிறது. ஆனால் நம் நினைவில் நிற்பவை அன்றைக்குப் பாராட்டு வாங்கியவை, அல்லது எழுதுவதற்குள் நம்மைப் படாதபாடு படுத்தியவை. காலம் கடந்தும் இன்னொருவருக்குப் பயன்படக்கூடியவை பல சமயம் நாமே மறந்துபோனவற்றுக்குள் கிடக்கின்றன. எழுதியது அத்தனையையும் முதலிலிருந்து படித்தால்தான் அவை கைக்குக் கிடைக்கும்.

அந்த வாசிப்பை எப்படிச் செய்வது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, எந்த அளவுக்குத் திருத்துவது, பிறகு எப்படித் தொகுப்பாக்குவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே சில தனிச் சிக்கல்கள் உண்டு, குறிப்பாக எழுத்துரு விஷயத்தில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. நூறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 600 சொற்கள் என்றால் மொத்தம் 60,000 சொற்கள். படிக்க மட்டுமே இரண்டு மூன்று வார இறுதிகள் போய்விடும். திரட்டுவது, திருத்துவது, அடுக்குவது எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். புத்தகக் கண்காட்சிக்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு ஓடினால், தேர்வுதான் முதலில் அடிபடும்.

முதல் படி: எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருதல்

எழுத்து பல இடங்களில் சிதறிக் கிடக்கும். இணையத்தில் கொஞ்சம், பத்திரிகைகளில் கொஞ்சம், பழைய கணினியில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பிய நீண்ட செய்திகளில் கொஞ்சம், கோடு போட்ட நோட்டில் மீதி. எதையும் இப்போதே தரம் பார்க்காதீர்கள். இரண்டு பத்தியோடு நின்றுபோன குறிப்பும் உள்ளே வரட்டும்.

இணையத்தில் இருப்பதை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுதான் நம் கையில் இல்லாதது. இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழில் எத்தனையோ நல்ல உரையாடல்கள் நடந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. இன்றைக்கு உறுதியாகத் தெரியும் சேவைக்கும் ஒரு நாள் இதே கதி வரலாம். கூகுள் சேவைகளில் எழுதியதை கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாக எடுக்கலாம். வேர்ட்பிரஸ்ஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும்போது வடிவம் கேட்கும். அங்கே எச்டிஎம்எல் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஜேசான் வடிவில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து, படிக்க முடியாத குறியீடுகளாக வரும். ஏற்கெனவே மறைந்துபோன பக்கங்களை, பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள். பழைய முகவரி நினைவிருந்தால் போதும், ஓரிரு ஆண்டுகளின் படிகள் கிடைக்க வாய்ப்புண்டு.

பத்திரிகையில் வந்தவற்றின் நறுக்குகள் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமலே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அதுதான் தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கிறது. 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் படிக்கவும், எழுத்துணரியில் (படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சாக்கும் மென்பொருளில்) கொடுக்கவும் போதும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழ் அச்செழுத்தை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தருகிறது. டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தமிழ் படிக்கும். இரண்டிலும் ‘ர’வும் காலும் இடம் மாறும், புள்ளிகள் தொலையும், ஆகவே மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும்.

கையெழுத்து நோட்டுகளுக்கு வேறு வழி சொல்கிறேன். தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். கைபேசியில் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கு மாற்றி, நோட்டைப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். நிறுத்தக்குறி இல்லாமல், ல ள ழ குழம்பி வரும்தான். ஆனால் வேலை பாதியாகக் குறையும். அதைவிட முக்கியமாக, எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது என்பது அப்போதே காதுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி இருக்கட்டும்: 2015-12-05 என்பதுபோல. இப்படி வைத்தால் கணினியே கால வரிசையில் அடுக்கிவிடும். தேதி தெரியாதவற்றுக்கு ஆண்டு மட்டும் போதும். அப்புறம் மொத்தத்தையும் மூன்று படிகளாக வையுங்கள்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பிலோ வேறு வீட்டிலோ ஒன்று.

இரண்டாம் படி: பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றுதல்

2005-க்கு முன்பிருந்தே கணினியில் தமிழ் எழுதுகிறவர் என்றால், பழைய கோப்பைத் திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வினோதக் குறிகளும் கலந்து தெரியும். பயப்பட வேண்டாம், எழுத்து அழியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தமிழைத் தன் விருப்பப்படி ஏதோ ஒரு எண்ணில் உட்கார வைத்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பாமினி பரவலாக இருந்தது. இணையக் குழுக்களில் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. அச்சகங்களும் பத்திரிகைகளும் தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன.

எல்லாக் கணினிகளிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் என்ற பொது முறைதான் யூனிகோடு. அதற்கு மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. கோப்பு எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லையென்றால், ஒரு பத்தியை மட்டும் வெட்டி ஒட்டி, ஒவ்வொரு முறையாகச் சோதித்துப் பாருங்கள். சரியான முறை வந்ததும் தமிழ் பளிச்சென்று தெரிந்துவிடும். தமிழோடு ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கி, அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக விட்டுவிடும். மாற்றுவதற்கு முன்பே அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே விசைதான். அதனால் யூனிகோடுக்கு வந்த பிறகும் மௌனம், கௌரவம், பௌர்ணமி, ஔவை போன்ற சொற்களில் ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக்கொம்போடு (ஔவையில் ‘ஒ’வோடு) ‘ள’ உட்கார்ந்திருக்கும். திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் இடம் மாறிப் போகும், கைபேசி வாய்விட்டு வாசிக்கும்போது ‘மெள-னம்’ என்று படிக்கும். இதைச் சரிசெய்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். ‘கெள’ என்பதை மொத்தமாக மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். ‘தெள’வை மாற்றினால் தெளிவு போய்விடும். ‘ஒள’வை மாற்றினால் ஒளி என்ற சொல்லே சிதையும். சொல் சொல்லாகத் தேடி, கண்ணால் பார்த்து மாற்றுவதுதான் பாதுகாப்பு.

ஸ்ரீ என்ற எழுத்திலும் இதே சிக்கல். அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ப் பெயர்கள் நிறைய வருகிற எழுத்தாக இருந்தால் ஏதாவது ஒன்றை முடிவு செய்து அனைத்தையும் அதற்கு மாற்றிவிடுங்கள். கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ந்திருப்பதும் உண்டு. யூனிகோட் சீராக்கம் செய்யும் எந்தக் கருவியும் அவற்றை ஒன்றாக்கிவிடும்.

மூன்றாம் படி: பேனா இல்லாமல் ஒரு வாசிப்பு

இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறோம். முடிந்தால் கணினித் திரையில் படிக்காதீர்கள். தாளில் அச்செடுங்கள், அல்லது கிண்டிலிலோ கைபேசியிலோ மின்னூலாக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிய இடத்திலேயே படித்தால் விரல் தானாகத் திருத்தப் போகும். இந்த முதல் வாசிப்பில் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. கால வரிசையிலேயே படியுங்கள், பிடித்ததை முதலில் தேடிப் போகாதீர்கள்.

ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இதில் என்ன இருக்கிறது? ‘நன்று’, ‘சுமார்’ என்று மதிப்பெண் போட வேண்டாம். உள்ளே இருக்கும் பொருளை எழுதுங்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பற்றி நான் முன்பு எழுதிய ஒரு சிறு கட்டுரைக்கு என் குறிப்பில் ‘அகத்தியில் கொடி ஏற்றுவது, கவுளி கட்டும் பெண்களின் கூலிக் கணக்கு’ என்று இருக்கிறது. அதே ஆண்டில் எழுதிய இன்னொன்றுக்கு ‘தேர்தல் பற்றிய என் கருத்து’ என்று மட்டும்தான் எழுத முடிந்தது. அந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதே எது நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது.

ஒரே சம்பவத்தைப் பல இடங்களில் சொல்லியிருப்பதும் இந்த வாசிப்பில் தென்படும். நீண்ட காலம் எழுதுகிற எல்லாருக்கும் இது நடக்கும். தாத்தா சொன்ன கதை, முதல் ரயில் பயணம், ஒரு ஆசிரியரின் வாக்கு இப்படி ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். எல்லா இடங்களையும் குறித்து வைத்து, எதில் முழுமையாகவும் இயல்பாகவும் வந்திருக்கிறது என்று பாருங்கள். தொகுப்பில் அந்த ஒன்று போதும்.

நான்காம் படி: தேர்வு

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் படி இது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணை இங்கே முற்றாக ஒதுக்கி வையுங்கள். அந்த எண்ணில் அன்றைய பரபரப்பும் கலந்திருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மறுநாள் அதைப் பற்றி எழுதிய எதையும் எல்லாரும் படித்தார்கள். அது செய்தியின் வேகம். இன்றைக்கு அந்தக் கட்டுரையை எடுத்தால் பொருளாதாரக் கருத்துகள் எல்லாம் வேறு ஆட்களிடமிருந்து கேட்டவையாக இருக்கும். ஆனால் அதே கட்டுரையில், பக்கத்து மளிகைக் கடைக்காரர் நோட்டு வாங்காமல் சிட்டையில் பெயர் எழுதிக்கொண்டு ஒரு தெருவுக்கே கடன் கொடுத்தார் என்று ஒரு பத்தி இருந்தால், அந்தப் பத்தி வேறு எவரிடமும் இல்லை.

அதுதான் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்: இதை நான் எழுதாமல் போயிருந்தால் இந்தச் செய்தி எங்காவது பதிவாகியிருக்குமா? ஆகியிருக்காது என்றால் அது உள்ளே வரட்டும், நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள் என்ற விவாதம் ஆவணங்களிலேயே இருக்கிறது. உங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடிக்கு ஏறியவர்கள் யார், குடிநீரை எப்படிப் பங்கிட்டார்கள், மின்சாரம் வந்த முதல் இரவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. கருத்துக் கட்டுரை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கருத்துக்கு நீங்கள் வந்துசேர்ந்த வழி, நீங்களே பார்த்ததிலிருந்தும் செய்ததிலிருந்தும் தொடங்குகிறது என்றால் அதுவும் நிற்கும்.

இரண்டாவதாக ஒரு சோதனை. அந்த நிகழ்வு நடந்தபோது சிறு பிள்ளையாக இருந்த ஒருவரிடம் கட்டுரையைக் கொடுங்கள். இன்று கல்லூரியில் படிக்கும் ஒருவருக்கு 2011 தானே புயல் நினைவிருக்காது. கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை நீங்கள் எழுதியதை வைத்து அவருக்குப் புரிகிறதா, எங்கே நிற்கிறார், எங்கே கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒரு அடிக்குறிப்பு போதும். ‘இது எதுக்கு?’ என்று கேட்டால் அந்தக் கட்டுரை தொகுப்புக்கு வேண்டியதில்லை.

எத்தனை எடுப்பது? நூற்றில் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் நிறுத்துங்கள். முதல் சுற்றில் ஐம்பது வரும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு மறுபடி படித்தால் பதினைந்து தானாக விழுந்துவிடும். கடைசி ஐந்தாறு முடிவுகளை இரண்டு பேரிடம் விட்டுவிடுங்கள்: ஒருவர் உங்களை நன்றாக அறிந்தவர், இன்னொருவர் உங்களைச் சந்தித்தே இராதவர். இருவரும் ஒன்றையே வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அறிந்தவருக்குப் பிடித்து, அறியாதவருக்குப் பிடிக்கவில்லை என்றால், படிப்பவரைத் தாங்கி நிறுத்தியது கட்டுரை அல்ல, உங்களோடு இருக்கும் நட்புதான்.

ஐந்தாம் படி: திருத்தம், அதன் எல்லை

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, தவறான பெயர், தவறான ஆண்டு ஆகியவற்றைத் தயங்காமல் திருத்துங்கள். வாணி எழுத்துப்பிழைகளைக் காட்டும், நாவி சந்திப்பிழைகளைக் காட்டும். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம், வட்டாரச் சொற்களைப் பிழை என்றே காட்டும். ஒரு தாளில் உங்கள் எழுத்து வழக்கத்தை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பேருந்தா பஸ்ஸா, முகநூலா ஃபேஸ்புக்கா, 90-கள் என்றா தொண்ணூறுகள் என்றா. பத்து ஆண்டுகளில் எழுதியவை என்பதால் எல்லாமே கலந்துதான் இருக்கும். ஆனால் பேச்சை அப்படியே தரும் இடங்களில் இந்தச் சீராக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். ‘பஸ்ஸ விட்டுட்டேன்’ என்று ஒருவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.

கருத்தைத் திருத்தாதீர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் ஒரு திட்டத்தை வரவேற்று எழுதியிருக்கலாம், இன்றைக்கு மனம் மாறியிருக்கலாம். பழைய வாக்கியத்தை மாற்றினால், அன்றைக்கு மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கான ஒரு சாட்சியம் அழிகிறது. கட்டுரையின் முடிவில் ‘பின்குறிப்பு, 2024’ என்று ஆண்டு போட்டு, இன்றைய எண்ணத்தை நான்கு வரியில் எழுதுங்கள். படிப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

காலச் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். நேற்று, போன வாரம், இந்த ஆண்டு, சமீபத்தில், இப்போது என்று வரும் இடம் ஒவ்வொன்றும் புத்தகத்தில் குழப்பும். வாக்கியத்தை மாற்றுவதைவிடக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே எழுதிய மாதமும் ஆண்டும் போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாவட்டப் பெயர்களுக்கு அடிக்குறிப்பு வேண்டும். குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருப்பீர்கள், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது 2020-இல். மூலத்தில் கை வைக்காமல் கீழே ஒரு வரி போடுங்கள். என் கொடிக்கால் கட்டுரைக்கு, ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அப்படித்தான் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். விலைகளையும் கூலியையும் இன்றைய கணக்குக்கு மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு டீ எட்டு ரூபாய் என்று ஆண்டோடு பதிவாகியிருப்பது பிற்காலத்தில் படிப்பவருக்கு மிகவும் தேவைப்படும் தகவல்.

ஆறாம் படி: உங்கள் எழுத்தில் வரும் மனிதர்கள்

இணையத்தில் சிலர் படித்துக் கடந்துபோன ஒரு விவரம், புத்தகமாகும்போது சம்பந்தப்பட்டவரின் வீட்டுக்கே போய்ச் சேரும். ஒவ்வொரு கட்டுரையிலும் வரும் மனிதர்களைப் பட்டியலிடுங்கள். பொதுவாழ்வில் இருப்பவர்கள் பற்றி உண்மையென்று உறுதியாகத் தெரிந்ததை எழுதலாம். மற்றவர்களைத் தேடிப் போய், அவர்கள் வரும் பகுதியைப் படித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், கூடவே நீங்கள் தவறவிட்ட ஒரு விவரத்தையும் சொல்வார்கள். கூலி, கடன், நோய், குடும்பச் சண்டை, சாதி இவை வரும் இடங்களில் சம்மதம் கிடைத்தாலும் பெயரையும் ஊரையும் மாற்றுவது நல்லது. மறைந்தவர்களாக இருந்தால் அவர்கள் குடும்பத்தில் ஒருவரிடம் கேளுங்கள். குழந்தைகளின் படங்களைச் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதியபோது பத்து வயதாக இருந்தவர் இன்று பெரியவர், அவருடைய விருப்பம் அவருக்கு உண்டு.

ஏழாம் படி: உரிமை

பத்திரிகையில் வந்த கட்டுரையை உங்கள் தொகுப்பில் சேர்க்கலாமா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பத்திரிகையில் ஊழியராக இருந்து எழுதியிருந்தால், பத்திரிகை வடிவில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு, மற்ற உரிமைகள் எழுதியவருக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. உரிமையை எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்திருந்து அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், ஐந்து ஆண்டுகள் என்றே சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. கையெழுத்திட்ட பழைய தாள்களை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவிப்பதும், ‘முதலில் வெளியானது’ என்று இதழின் பெயரையும் மாதத்தையும் போடுவதும் மரியாதை. பிறர் எடுத்த படங்களையும் பாடல் வரிகளையும் அனுமதி இல்லாமல் கொண்டுவராதீர்கள்.

எட்டாம் படி: அடுக்குதல்

கால வரிசையில் அடுக்குவது சுலபம். ஆனால் தொடக்க காலத்து எழுத்தே முதலில் வந்து நிற்கும், அங்கேயே சிலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். வேறு வழிகளை நம் பழைய தொகுப்புகளே காட்டுகின்றன. ஐங்குறுநூற்றில் ஒவ்வொரு திணைக்கும் நூறு பாடல், ஒரு புலவர் ஒரு திணை என்று பகுதி பகுதியாக வைத்திருக்கிறார்கள். மருதம் முழுவதும் முடிந்த பிறகே நெய்தல் வரும். அகநானூற்றைத் தொகுத்தவர் இதற்கு நேர்மாறாக, திணைகளை ஒரு கணக்கோடு கலந்திருக்கிறார். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பத்துப் பத்தாக இதே ஒழுங்கு நானூறு வரைக்கும் போகிறது. பிரிவைப் பாடும் பாலை ஒன்று விட்டு ஒன்று வருகிறது, இடையிடையே மற்றத் திணைகள் தலைகாட்டுகின்றன.

உங்கள் எழுத்தில் நான்கைந்து துறைகள் தெளிவாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஐந்துக்குக் குறையாமல் கட்டுரைகள் இருந்தால் ஐங்குறுநூற்று வழி பொருந்தும். ஒரே பொருள் அதிகமாக வந்து மற்றவை கொஞ்சமாக இருந்தால் அகநானூற்று வழியைப் பின்பற்றுங்கள். உதாரணமாக முப்பதில் பதினைந்து ஊர் நினைவுகள், மீதி உணவு, தொழில், மனிதர்கள் என்று கலந்து வந்தால், ஊர் நினைவுகளை ஒன்று விட்டு ஒன்றாக வையுங்கள். நீளமும் மாறி மாறி வரட்டும். முதல் கட்டுரை தனியாக நிற்கக்கூடியதாக, முன்னறிவு எதையும் கேட்காததாக இருக்க வேண்டும். உங்களுடையவற்றில் சிறந்தது என்று நினைப்பதை மூன்றாவதோ நான்காவதோ வையுங்கள். படிப்பவர் அதற்குள் உங்கள் குரலுக்குப் பழகியிருப்பார்.

தொகுப்புக்குப் பெயர், உள்ளே இருக்கும் ஒரு கட்டுரையின் தலைப்பாகவே இருக்கலாம். முன்னுரையில் எப்போது எழுதியவை, எதை வைத்துத் தேர்ந்தீர்கள், எந்த அளவுக்குத் திருத்தினீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கம் போதும்.

ஒன்பதாம் படி: வெளியிடுதல்

இலவசமாக எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டத்தைப் பாருங்கள். 2013 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், மற்றவர்கள் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை வெளியிடுகிறார்கள். அந்த உரிமத்தில் பல வகைகள் உண்டு. வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதா, மாற்றி எழுத அனுமதிப்பதா என்று முடிவெடுத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை கொடுத்த உரிமத்தை, பெற்றுக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. விற்பனைக்கு என்றால் அமேசானின் கிண்டில் தளம் தமிழ் நூல்களை ஏற்கிறது. மின்னூல் உருவாக்க லிப்ரேஆஃபிஸ், சிஜில், காலிபர் மூன்றும் இலவசம். பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் கைபேசியில் படிக்கச் சிரமம், ஆகவே ஈபப் என்ற மின்னூல் வடிவமும் சேர்ந்து இருக்கட்டும்.

அச்சு நூல் என்றால் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது படி போடுவதே தொடக்கத்துக்குப் போதுமானது. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் வாங்காமல் தருகிறது. தனியாள் வெளியீட்டாளரும் விண்ணப்பிக்கலாம். யாராவது பணம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னால் அந்தப் பணம் அவர்களுடைய சேவைக்கானது, எண்ணுக்கானது அல்ல. மெய்ப்புப் பார்க்கிற வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். உங்கள் வாக்கியம் உங்களுக்கு மனப்பாடம், கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை: சொல்லிவிட்டு எழுதாமல் விட்டவை

தொகுப்பு வெளியே போய்விட்டது. நீங்கள் திரட்டிய கோப்புகள் மொத்தமும் கையில் இருக்கின்றன, எல்லாம் இப்போது யூனிகோடில் இருப்பதால் தேட முடியும். ‘பிறகு சொல்கிறேன்’, ‘தனியாக எழுத வேண்டும்’, ‘இன்னொரு சமயம்’, ‘அடுத்த முறை’ ஆகிய தொடர்களைத் தேடுங்கள். நம்ப மாட்டீர்கள், ஒவ்வொரு ஆண்டிலும் இப்படி வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடாமல் விட்ட விஷயங்கள் வரிசையாக வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைக்கும் அதை எழுத என்ன வேண்டும் என்று குறியுங்கள்: பார்க்க வேண்டிய ஊர், தேட வேண்டிய ஆவணம், பேச வேண்டிய ஆள். வயதானவரிடம் கேட்டு எழுத வேண்டியவை பட்டியலின் மேலே போகட்டும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யச் சம்மதம் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் சோர்வடைய வைக்காமல், இரண்டு மூன்று முறையாகப் போய் உட்காருங்கள். நூற்றி ஓராவது கட்டுரைக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிடும்.